பீட்டா 290 எங்கே போயிற்று? டிரான்சிஸ்டரின் ஆக்டிவ் நிலையும் சாச்சுரேஷனும்

தண்டையார்பேட்டையில் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. மொட்டைமாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்க ஒரு சர்க்யூட் செய்திருக்கிறார். தொட்டிக்குள் இரண்டு ஸ்டீல் கம்பிகள். தண்ணீர் இரண்டையும் தொட்டதும் 12 வோல்ட்டிலிருந்து தண்ணீர் வழியாகவும் ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகவும் பிசி547 டிரான்சிஸ்டரின் பேஸ் காலுக்குக் கரண்ட் போகும். கலெக்டரில் 12 வோல்ட் ரிலே, அதன் காயில் 400 ஓம். போர் தண்ணீர் ஏற்றும்போது ரிலே டக்கென்று இழுக்கிறது. குழாயிலோ லாரியிலோ வரும் மெட்ரோ தண்ணீர் ஏற்றும்போது இழுக்காமல் கிர்ரென்று முனகுகிறது, டிரான்சிஸ்டரும் தொட்டால் சுடுகிறது. மீட்டரில் எச்எஃப்இ, அதாவது கலெக்டர் கரண்ட் பேஸ் கரண்டைப் போல எத்தனை மடங்கு என்ற பீட்டா, 290 காட்டுகிறது. "எங்கள் சார், டிரான்சிஸ்டர் சாச்சுரேஷனுக்கு, அதாவது முழுதாகத் திறந்த சுவிட்ச் நிலைக்குப் போகவில்லை, ஆக்டிவிலேயே நிற்கிறது என்கிறார். சாச்சுரேஷனில் பேஸ்-எமிட்டர், பேஸ்-கலெக்டர் என்ற இரண்டு ஜங்ஷனும் ஃபார்வர்டு, அதாவது கரண்ட் போகும் திசையில் திறந்தவை என்று புத்தகத்தில் இருக்கிறது. அப்படியானால் கரண்ட் ஏன் திரும்பி ஓடவில்லை? நன்றாக வேலை செய்யும்போது கணக்குப் போட்டால் பீட்டா 99 தான் வருகிறது. டிரான்சிஸ்டர் கெட்டுவிட்டதா?" என்று கேட்கிறார்.

தம்பி, டிரான்சிஸ்டர் கெடவில்லை. உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. பீட்டா என்பது டிரான்சிஸ்டருக்குள் எழுதி வைத்த எண்ணா, இல்லை அது எந்த நிலையில் நிற்கிறது என்பதைப் பொறுத்து மாறுகிறதா? இதற்கு விடை கிடைத்தால் மற்றதெல்லாம் தானாக அவிழும். நான் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஸ்டெபிலைசர் பட்டறையில் 8 வருடம் வேலை செய்தேன். அப்புறம் மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கண்ட்ரோல் போர்டு பராமரிப்பில் 20 வருடத்துக்கு மேல் இருந்தேன். இந்த ஒரு குழப்பத்தால் வீணாகக் கழற்றி எறியப்பட்ட ரிலேக்களையும் டிரான்சிஸ்டர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் தந்த அளவுகளை வைத்தே பார்ப்போம். மெட்ரோ தண்ணீரில் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே 4 வோல்ட், 10 கிலோ ஓம் ரெசிஸ்டரின் இரண்டு முனைகளுக்கு நடுவே 0.7 வோல்ட் என்று எழுதியிருக்கிறீர்கள். ரெசிஸ்டரில் 0.7 வோல்ட் என்றால் பேஸ் கரண்ட் 0.07 மில்லி ஆம்பியர். காயிலுக்குக் கிடைப்பது 12-இல் 4 போக 8 வோல்ட். 400 ஓமில் 8 வோல்ட் என்றால் 20 மில்லி ஆம்பியர். 20-ஐ 0.07-ஆல் வகுத்தால் 286. மீட்டர் காட்டிய 290-க்கு இவ்வளவு நெருக்கமாக வந்திருப்பதே நீங்கள் கவனமாக அளந்திருக்கிறீர்கள் என்பதற்குச் சாட்சி. போர் தண்ணீரில் ரெசிஸ்டரில் 3 வோல்ட், அதாவது 0.3 மில்லி ஆம்பியர். கலெக்டர்-எமிட்டர் 0.16 வோல்ட். காயிலில் 11.84 வோல்ட், 29.6 மில்லி ஆம்பியர். வகுத்தால் 99. பேஸ் கரண்ட் நான்கு மடங்குக்கு மேல் கூடியும் கலெக்டர் கரண்ட் ஒன்றரை மடங்குதான் கூடியது. இங்கேதான் உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது, வரவேண்டிய இடமும் இதுதான்.

கலெக்டர் கரண்ட் அதற்கு மேல் கூடாததற்குக் காரணம் காயில். 12 வோல்ட்டை 400 ஓமில் நேராக மாட்டினாலே 30 மில்லி ஆம்பியர்தான் ஓடும். டிரான்சிஸ்டரை எடுத்துவிட்டு ஒரு செம்புக் கம்பியால் இணைத்தாலும் அவ்வளவுதான். பேஸில் 0.3 மில்லி ஆம்பியர் தந்து, 290-ஆல் பெருக்கி, 87 மில்லி ஆம்பியர் வா என்றால் எங்கிருந்து வரும்? சாச்சுரேஷன் என்றதும் 'டிரான்சிஸ்டரால் தரமுடிந்த உச்சக் கரண்ட்' என்று பல பேர் மனதில் பதிந்துவிடுகிறது. பிசி547-க்கு உச்ச வரம்பு 100 மில்லி ஆம்பியர். நீங்கள் அதன் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை, ஆனாலும் சாச்சுரேஷனில் இருக்கிறீர்கள். அந்த நிலையில் கரண்டை முடிவு செய்வது லோடும் சப்ளையும். ஆக்டிவ் நிலையில் முடிவு செய்வது பேஸ்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை நம்ம ஊர்க் காட்சி ஒன்றை வைத்துச் சொல்கிறேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பதை நீங்கள் சின்ன வயதிலிருந்தே பார்த்திருப்பீர்கள். லாரிகள் கிளம்பும் யார்டுதான் எமிட்டர், சாலை பேஸ், துறைமுக கேட் கலெக்டர், லாரிகள் எலக்ட்ரான்கள். கேட் தாராளமாகத் திறந்திருக்கும் நாளில் யார்டிலிருந்து எத்தனை லாரி கிளம்புகிறதோ அத்தனையும் சாலையில் நிற்காமல் ஓடி உள்ளே போய்விடும். நிமிடத்துக்கு எத்தனை லாரி உள்ளே போகிறது என்பதை அன்று யார்டுதான் முடிவு செய்கிறது. கேட்டை இன்னும் அகலமாகத் திறந்தாலும் எண்ணிக்கை பெரிதாகக் கூடாது. இதுதான் ஆக்டிவ் நிலை. கலெக்டர் வோல்டேஜ் 4 ஆனாலும் 8 ஆனாலும் கரண்ட் ஏறக்குறைய அதேதான், ஏனென்றால் கலெக்டர் ஜங்ஷன் ரிவர்ஸ் பயாஸில் இருக்கிறது, அதன் விளிம்புக்கு வந்த எலக்ட்ரானை அங்கேயுள்ள மின்புலம் இழுத்துப் போட்டுக்கொள்கிறது. 'ஏறக்குறைய' என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. கலெக்டர் வோல்டேஜ் கூடக்கூட பேஸின் அகலம் உள்ளுக்குள் லேசாகக் குறையும், கரண்டும் லேசாகக் கூடும். இதற்கு எர்லி விளைவு என்று பெயர். ரிலே ஓட்டுகிறவர் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

சாலையில் ஓடும் லாரிகளில் ஒரு சின்னப் பங்கு வழியிலேயே படுத்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இழப்பை ஈடுகட்டத் தருவதுதான் பேஸ் கரண்ட். சாலையில் எத்தனை லாரி இருக்கிறதோ அதற்கேற்றபடி இழப்பு. 290 லாரி உள்ளே போனால் 1 லாரி இழப்பு என்பதுதான் உங்கள் பீட்டா 290.

இப்போது கேட்டுக்குள் கிரேன் குறைவு, நிமிடத்துக்கு இத்தனைக்கு மேல் உள்ளே எடுக்கமாட்டார்கள் என்று வையுங்கள். யார்டிலிருந்து அனுப்புவதைக் கூட்டினால் என்ன ஆகும்? உள்ளே போகும் எண்ணிக்கை கூடாது. சாலையில் வரிசை நீளும். வரிசை நீள நீள வழியில் படுத்துவிடும் லாரிகளும் கூடும். இழப்பு கூடுகிறது, உள்ளே போவது கூடவில்லை. உள்ளே போவதை இழப்பால் வகுத்தால் 290 இல்லை, 99. தம்பி, உங்கள் பீட்டா எங்கும் போகவில்லை. அது வரிசையில் நிற்கிறது. இன்னும் பேஸ் கரண்டைக் கூட்டினால் 50 ஆகும், 20 ஆகும், 10 ஆகும். சாச்சுரேஷனில் இந்த விகிதத்தை டிரான்சிஸ்டர் தீர்மானிப்பதில்லை, நீங்கள் வைக்கும் ரெசிஸ்டர்தான் தீர்மானிக்கிறது. அதனால்தான் இதைக் 'கட்டாயப் பீட்டா' என்று பிரித்துச் சொல்கிறார்கள்.

இந்த உவமை இரண்டு இடங்களில் நொண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். இன்றைய டிரான்சிஸ்டர்களில் பேஸ் கரண்டின் கணிசமான பகுதி, பேஸிலிருந்து எமிட்டருக்குள் போகும் ஹோல்களால், அதாவது பிளஸ் சார்ஜ் போல நகரும் எலக்ட்ரான் வெற்றிடங்களால் ஆனது. அதற்கு லாரிக் கதையில் இடமில்லை. இரண்டாவது, உண்மையான டிரான்சிஸ்டரில் கேட்டுக்குள் போனவற்றில் சில திரும்பிச் சாலைக்கே வரும். இதுதான் உங்கள் அடுத்த கேள்வி.

இரண்டு ஜங்ஷனும் ஃபார்வர்டு என்றால் கரண்ட் ஏன் திரும்பவில்லை? போர் தண்ணீரில் பேஸ் 0.7 வோல்ட்டில் இருக்கிறது, கலெக்டர் 0.16-இல். பேஸ் கலெக்டரைவிட 0.54 வோல்ட் மேலே. ஆமாம், கலெக்டர் ஜங்ஷனும் ஃபார்வர்டுதான். புத்தகம் சொன்னது சரி. ஆனால் ஃபார்வர்டு என்பது ஆன்-ஆஃப் போல இரண்டே நிலை இல்லை. சிலிக்கான் ஜங்ஷனில் வோல்டேஜ் 60 மில்லிவோல்ட் கூடினால் கரண்ட் பத்து மடங்கு ஆகும், அறை வெப்பநிலையில் இது நம்பக்கூடிய கணக்கு. எமிட்டர் ஜங்ஷன் கலெக்டர் ஜங்ஷனைவிட அதிகமாகத் திறந்திருக்கிறது. அந்த 0.16 வோல்ட்டில் ஒரு பகுதி கலெக்டர் சிலிக்கானின் சொந்த ரெசிஸ்டன்ஸில் விழுந்துவிடும், ஜங்ஷன்களுக்கு இடையேயான நிஜ வித்தியாசம் அதைவிடக் குறைவு. 60 மில்லிவோல்ட் மட்டுமே மிஞ்சுகிறது என்று வைத்தாலும், எமிட்டரிலிருந்து பத்து எலக்ட்ரான் போனால் கலெக்டரிலிருந்து ஒன்று திரும்பி வரும். நிகரமாக ஒன்பது முன்னே போகிறது. மீட்டர் காட்டுவது இந்த நிகரத்தைத்தான். பேஸ் கரண்டை மேலும் தள்ளினால் கலெக்டர் வோல்டேஜ் இன்னும் கொஞ்சம் இறங்கும், திரும்பி வருவது கூடும், ஆனால் லோடு கேட்கும் 30 மில்லி ஆம்பியர் நிகரம் மாறாது. 1954-இல் ஈபர்ஸ், மோல் என்ற இருவர் இதைத்தான் கணக்காக்கினார்கள். முன்னோக்கி ஒரு டிரான்சிஸ்டர், பின்னோக்கி ஒரு டிரான்சிஸ்டர், இரண்டும் ஒரே உடலில் என்று பார்ப்பது அவர்கள் வழி. ஆக்டிவ், சாச்சுரேஷன், முழுதாக மூடிய கட்-ஆஃப் மூன்றும் அந்த ஒரே சமன்பாட்டில் அடங்கிவிடும். உங்கள் பாடத்தில் அது வரும்போது பயந்து தாண்டிவிடாதீர்கள். தனித்தனியாக மனப்பாடம் செய்த மூன்று நிலைகளும் அங்கே ஒன்றாகச் சேர்வதைப் பார்ப்பது பெரிய சந்தோஷம்.

இப்போது சூடு. கலெக்டர்-எமிட்டர் வோல்டேஜையும் கலெக்டர் கரண்டையும் பெருக்கினால் டிரான்சிஸ்டர் விழுங்கும் பவர். மெட்ரோ தண்ணீரில் 4 வோல்ட், 20 மில்லி ஆம்பியர், ஆக 80 மில்லிவாட். பிசி547-இன் பிளாஸ்டிக் உடலுக்கு 1 வாட்டுக்குச் சுமார் 250 டிகிரி ஏற்றம் என்று டேட்டாஷீட் சொல்கிறது. 80 மில்லிவாட்டுக்கு 20 டிகிரி. மே மாத மொட்டைமாடியில் 40 டிகிரி இருந்தால் உள்ளே 60. விரல் வைத்தால் சுடும், ஆனால் டிரான்சிஸ்டருக்கு அது ஆபத்தான சூடு இல்லை. போர் தண்ணீரிலோ 0.16 வோல்ட், 29.6 மில்லி ஆம்பியர், 5 மில்லிவாட்கூட இல்லை. அதிகக் கரண்ட் போகும்போது ஜில்லென்றும், குறைவாகப் போகும்போது சூடாகவும் இருப்பது முதலில் பார்க்கிறவருக்கு விசித்திரமாகத்தான் இருக்கும். எங்கள் பட்டறையில் இதை வைத்தே ஒரு பழக்கம் வந்துவிட்டது. ரிலே டிரைவர் டிரான்சிஸ்டர் சுட்டால் முதலில் ரிலேயைப் பார்க்கமாட்டோம், பேஸ் ரெசிஸ்டரைப் பார்ப்போம்.

அந்தப் பழக்கம் சும்மா வரவில்லை. அப்போது ஸ்டெபிலைசர்களில் எல்எம்324 ஐசி லைன் வோல்டேஜைப் பார்த்து ரிலேக்களை மாற்றும். அதன் அவுட்புட்டிலிருந்து 47 கிலோ ஓம் வழியாக பிசி547-இன் பேஸுக்குப் போகும்படி ஒரு போர்டு. ரிலே உங்களுடையதைப் போலவே 400 ஓம். ஒரு வருடம் மார்கழியில், புதிதாக விற்ற பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. காலையில் ஆன் செய்தால் ரிலே கடகடவென்று ஆடுகிறது, மதியம் சரியாகிவிடுகிறது என்பதுதான் எல்லாப் புகாரும். நாங்கள் ரிலேயை மாற்றினோம், திரும்பி வந்தது. மறுபடி மாற்றினோம். ஒரு மாதம் இப்படியே ஓடியது. கடைசியில் பட்டறையின் மூத்த அண்ணன் ஒருவர், யாரிடமும் எதுவும் சொல்லாமல், ரிலே இழுத்திருக்கும்போதே மீட்டரின் சிவப்பு முனையைக் கலெக்டரில் வைத்தார். முள் 3 வோல்ட் பக்கம் நின்றது. "இது சுவிட்ச்சா, ஆம்ப்ளிஃபயரா?" என்று கேட்டார். பாக்கெட்டைத் தேடி எடுத்துப் பார்த்தால், அதுவரை வாங்கியதெல்லாம் 547-பி, அந்த லாட் 547-ஏ. பி பிரிவில் எச்எஃப்இ 200-இலிருந்து 450 வரை, ஏ பிரிவில் 110-இலிருந்து 220 வரை. கணக்கு எளிது. 47 கிலோ ஓம் வழியாகச் சுமார் 0.21 மில்லி ஆம்பியர் பேஸ் கரண்ட். 200-ஆல் பெருக்கினால் 42, காயிலின் 30-க்குப் போதும். 110-ஆல் பெருக்கினால் 23 தான். பீட்டா குளிரில் குறையும், சூட்டில் கூடும். மார்கழிக் காலையில் விளிம்புக்குக் கீழே, மதியம் விளிம்புக்கு மேலே. 47-ஐ எடுத்துவிட்டு 4.7 கிலோ ஓம் போட்டதும், அதே ஏ டிரான்சிஸ்டர்களோடு எல்லாப் பெட்டியும் ஓடியது. அந்த ஒரு மாதத்தில் நாங்கள் கழற்றிய ரிலேக்களில் பழுதானது ஒன்றுகூட இல்லை.

ஆகவே, மீட்டர் காட்டும் எச்எஃப்இ எண்ணை வைத்து சுவிட்ச் வடிவமைக்காதீர்கள். அந்தச் சாக்கெட்டில் மீட்டர் பொதுவாக 10 மைக்ரோ ஆம்பியர் பேஸ் கரண்டும் 3 வோல்ட் அளவுக்குக் கலெக்டர் வோல்டேஜும் கொடுத்துப் பார்க்கிறது, அதாவது ஆக்டிவ் நிலையில். உங்கள் டிரான்சிஸ்டருக்கு அது 2.9 மில்லி ஆம்பியர் கலெக்டர் கரண்டில் எடுத்த அளவு. 100 மில்லி ஆம்பியரில் அதே டிரான்சிஸ்டரின் பீட்டா நன்றாகவே இறங்கியிருக்கும். தயாரிப்பாளர்களே சாச்சுரேஷன் வோல்டேஜைச் சொல்லும்போது எச்எஃப்இ-யை நம்புவதில்லை. பிசி547 டேட்டாஷீட்டில் அந்த வரியைப் பாருங்கள். கலெக்டரில் 10 மில்லி ஆம்பியருக்குப் பேஸில் 0.5, 100-க்குப் பேஸில் 5. விகிதம் 20. 2என்2222-இல் 150-க்கு 15, விகிதம் 10. இவ்வளவு கொடுத்தால் இவ்வளவு வோல்டேஜுக்கு மேல் போகாது என்று அவர்கள் உறுதி தருவது இந்த விகிதத்தில்தான். சுவிட்ச்சுக்கு 10-க்கும் 20-க்கும் நடுவே வைத்துக்கொள்ளுங்கள், எந்தப் பாக்கெட்டிலிருந்து எடுத்துப் போட்டாலும் ஓடும்.

எந்தப் புள்ளியில் ஆக்டிவ் முடிந்து சாச்சுரேஷன் தொடங்குகிறது என்று கேட்டால், இங்கே ஆளாளுக்கு வரையறை மாறும். கலெக்டரும் பேஸும் சம வோல்டேஜுக்கு வந்த இடம் என்பார் ஒருவர், அதாவது கலெக்டர்-எமிட்டர் 0.7 வோல்ட். 0.2 வோல்ட்டுக்குக் கீழே வந்தால்தான் என்பார் இன்னொருவர். கலெக்டர் ஜங்ஷன் 0.4 வோல்ட் வரை ஃபார்வர்டு ஆனாலும் திரும்பி வரும் எலக்ட்ரான்கள் பொருட்படுத்தும் அளவுக்கு இருக்காது. அதனால் நடுவில் உள்ளது ஒரு மங்கலான பகுதி, அங்கே கோடு கிழித்துச் சண்டை போடுவதில் பயனில்லை. தேர்வுக்கு உங்கள் பாடப்புத்தகம் சொல்லும் வரையறையை எழுதுங்கள். பட்டறையில், டிரைவர் டிரான்சிஸ்டரின் கலெக்டர் 0.2-க்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள்.

இதை ஒருமுறை உங்கள் கையாலேயே செய்து பார்க்கச் சொல்வேன். தண்ணீரில் போகும் கம்பிகளைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு முனைகளுக்கு நடுவே 220 கிலோ ஓம் வையுங்கள். கலெக்டரில் 6 வோல்ட்டுக்குப் பக்கம் காட்டும். 100 கிலோ ஓம் ஆக்குங்கள், அநேகமாக விளிம்பில் வந்து நிற்கும். 47 கிலோ ஓம் ஆக்குங்கள், 0.2-க்குப் பக்கமாகவோ அதற்குக் கீழேயோ வந்துவிடும். 4.7 கிலோ ஓம் ஆக்கினால் பேஸ் கரண்ட் இன்னும் நான்கு மடங்கு ஆகியிருக்கும், ஆனால் கலெக்டரில் சில பத்து மில்லிவோல்ட்தான் இறங்கும். முதல் மாற்றத்தில் ஆறு வோல்ட் சரிந்ததையும் கடைசி மாற்றத்தில் ஒன்றுமே நகராததையும் கண்ணால் பார்த்துவிட்டால், இரண்டு நிலைகளுக்கும் உள்ள வித்தியாசம் அப்புறம் மறக்காது. 220 வைத்திருக்கும்போது டிரான்சிஸ்டரைத் தொட்டும் பாருங்கள்.

ஆக்டிவ் நிலை ஏதோ தவறான நிலை என்று நினைத்துவிட வேண்டாம். மைக் ஆம்ப்ளிஃபயரில் கலெக்டரை வேண்டுமென்றே சப்ளையின் பாதிக்குப் பக்கமாக நிறுத்துவோம், சிக்னல் மேலும் கீழும் ஆட இடம் வேண்டும் என்பதற்காக. திருவிழா ஆம்ப்ளிஃபயர்களிலும் பழைய பவர் சப்ளைகளிலும் பெரிய அலுமினிய ஹீட் சிங்க்கின் மேல் உட்கார்ந்திருக்கும் 2என்3055 வாழ்நாள் முழுதும் ஆக்டிவில்தான் வேலை செய்கிறது. அங்கே சாச்சுரேஷன் வந்தால்தான் கோளாறு, பாட்டு கிழிந்து கேட்கும். எந்த வேலைக்கு எந்த நிலை என்பதுதான் விஷயம்.

சாச்சுரேஷனுக்கும் ஒரு விலை உண்டு. லாரி வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். யார்டை மூடிவிட்டாலும் சாலையில் நிற்கும் வரிசை தீரும்வரை கேட்டுக்குள் லாரி போய்க்கொண்டேதான் இருக்கும். அதேபோல் பேஸ் கரண்டை நிறுத்தியபின்னும், பேஸில் தேங்கிய சார்ஜ் வடியும்வரை கலெக்டர் கரண்ட் நிற்காது. 2என்2222ஏ-வுக்கு இந்தத் தேக்க நேரம் 225 நானோ செகண்டுக்குள் என்று குறித்திருப்பார்கள், அதுவும் பேஸை எதிர்ப்பக்கம் இழுத்து வடிக்கும் சர்க்யூட்டில். ரிலே மில்லி செகண்டில் நகரும் பொருள், அதற்கு இதெல்லாம் தூசு. வேகமான லாஜிக் ஐசிகளுக்கு இது பெரிய தொல்லையாக இருந்தது. 74எஸ், 74எல்எஸ் வரிசைகளில் பேஸுக்கும் கலெக்டருக்கும் நடுவே ஷாட்கி டையோடு வைத்து, டிரான்சிஸ்டர் ஆழமான சாச்சுரேஷனுக்குள் விழாமலே தடுத்தது இதற்காகத்தான்.

இன்னொரு எச்சரிக்கை, அடுத்த செமஸ்டரில் மாஸ்ஃபெட் என்ற இன்னொரு வகை டிரான்சிஸ்டர் வரும்போது உதவும். மாஸ்ஃபெட்டில் சாச்சுரேஷன் என்ற அதே சொல்லை, இங்கே நாம் ஆக்டிவ் என்று சொல்லும் நிலைக்குப் பயன்படுத்துகிறார்கள். மாஸ்ஃபெட் சுவிட்ச்சாக முழுதாகத் திறந்திருக்கும் நிலைக்கு அங்கே டிரையோடு அல்லது லீனியர் என்று பெயர். பெயர் ஒன்று, பொருள் நேர் எதிர். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே இதில் தடுமாறுவார்கள்.

சரி, உங்கள் தொட்டிக்கு வருவோம். நான் உங்கள் போர்டைக் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் நீங்கள் தந்த அளவுகளை வைத்து, மெட்ரோ தண்ணீரில் டிரான்சிஸ்டர் ஆக்டிவில் நிற்கிறது என்பதை உறுதியாகச் சொல்லலாம். 12 வோல்ட் ரிலே பொதுவாக 9 வோல்ட்டுக்குள் இழுத்துவிடும் என்றுதான் தயாரிப்பாளர் உறுதி தருவார், உங்கள் காயிலுக்குக் கிடைப்பது 8. பேஸ் கரண்ட் குறைந்ததற்குக் காரணம் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு. கடலோரத்துப் போர் தண்ணீரில் உப்பு அதிகம், கரண்ட் நன்றாகக் கடத்தும். குழாயிலோ லாரியிலோ வரும் தண்ணீரில் குறைவு. உங்கள் அளவுகளின்படி கம்பிகளுக்கு நடுவே போர் தண்ணீர் சுமார் 28 கிலோ ஓம், மெட்ரோ தண்ணீர் சுமார் 150 கிலோ ஓம். முனகலுக்குக் காரணம் சப்ளையின் ரிப்பிளாக, அதாவது டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கமாக இருக்கலாம், தொட்டியில் தண்ணீர் அலைந்து கம்பியைத் தொட்டுத் தொட்டு விடுவதாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று தூரத்திலிருந்து சொல்லமுடியாது. எதுவாக இருந்தாலும் விளிம்பில் நிற்கும் சர்க்யூட்டில்தான் அது பெரிதாகத் தெரியும்.

காயிலின் 30 மில்லி ஆம்பியருக்கு விகிதம் 20 வைத்தால் பேஸில் 1.5 மில்லி ஆம்பியர் வேண்டும், வெறும் தண்ணீர் வழியாக அவ்வளவு தருவது நடக்காத காரியம். ஆகவே இன்னொரு பிசி547 சேருங்கள். தண்ணீரும் 10 கிலோ ஓமும் முதல் டிரான்சிஸ்டரின் பேஸுக்கு. அதன் எமிட்டர் இரண்டாவதின் பேஸுக்கு. இரண்டாவதின் பேஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு 10 கிலோ ஓம். முதலாவதின் கலெக்டரைப் பலர் இரண்டாவதின் கலெக்டரோடு சேர்த்து டார்லிங்டன் ஆக்கிவிடுவார்கள். ரிலேக்கு அதுவும் ஓடும், ஆனால் இரண்டாவது டிரான்சிஸ்டர் நிஜமான சாச்சுரேஷனுக்கு வரவே வராது. முதலாவதுக்குக் குறைந்தது 0.1 வோல்ட்டும் இரண்டாவதின் பேஸுக்கு 0.7-உம் வேண்டும், அதனால் கலெக்டர் 0.8-க்குக் கீழே இறங்காது. யுஎல்என்2003 ஐசியில் 1 வோல்ட்டுக்குப் பக்கம் தங்கிவிடுவதும் இதனால்தான். அதற்குப் பதில் முதலாவதின் கலெக்டரை ஒரு 3.3 கிலோ ஓம் வழியாக நேரே 12 வோல்ட்டுக்குக் கொடுங்கள். முதலாவது திறக்கும்போது இரண்டாவதின் பேஸுக்கு 3.4 மில்லி ஆம்பியர் போகும், கட்டாயப் பீட்டா 9-க்குப் பக்கம் வரும், கலெக்டர் அடியில் ஒட்டிக்கொள்ளும். முதல் டிரான்சிஸ்டருக்கு மெட்ரோ தண்ணீர் தரும் 0.07-க்குச் சற்றுக் குறைவான கரண்டே தாராளம். காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டையோடு இருக்கட்டும், கோடு போட்ட முனை 12 வோல்ட் பக்கம். அது இல்லாவிட்டால், ரிலே விடும் ஒவ்வொரு தடவையும் காயில் எழுப்பும் வோல்டேஜ் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடலாம்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். 12 வோல்ட் சப்ளை டிரான்ஸ்ஃபார்மர் வைத்ததாக இருக்கவேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் கெப்பாசிட்டர் வழியாக மெயினிலிருந்து எடுக்கும் மலிவு சப்ளை என்றால், தொட்டித் தண்ணீரில் இருக்கும் உங்கள் கம்பிகள் மெயினோடு தொடர்பில் இருக்கும். அந்தத் தண்ணீரில்தான் வீட்டில் குளிக்கிறார்கள். மோட்டாரையும் அந்தச் சின்ன ரிலேயால் நேராக ஓட்டாதீர்கள். மோட்டார் கிளம்பும்போது எடுக்கும் கரண்டில் கான்டாக்ட் ஒட்டிக்கொண்டால் தொட்டி நிரம்பியபிறகும் மோட்டார் நிற்காது. ரிலே, பெரிய ரிலே போன்ற ஒரு கான்டாக்டரை இழுக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை ஓட்டட்டும். அந்தப் பக்கத்து வயரிங்கை ஒரு எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

மாற்றியபின் இரண்டு தண்ணீரிலும் இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரை அளந்து பாருங்கள். இரண்டிலும் 0.2-க்குக் கீழே என்றால் வேலை முடிந்தது. சில மாதம் கழித்து மறுபடி முனக ஆரம்பித்தால் டிரான்சிஸ்டரைக் கழற்றாதீர்கள், கம்பிகளைக் கழற்றுங்கள். டிசி ஓடும் கம்பி தண்ணீரில் அரித்துப் படலம் கட்டும். உப்புத்தாளால் தேய்த்துப் போட்டு, 10 கிலோ ஓமில் எத்தனை வோல்ட் விழுகிறது என்று மறுபடி பாருங்கள்.